கூர் விளிம்பும் உருண்ட மூலையும்

மன்னார்த் தீவில் தண்ணீர்த் தொட்டி கட்டும் மேசன்மாரின் கைவேலையை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். தொட்டியின் தளமும் சுவரும் வந்து கூடும் மூலையிலே சிறிது சீமெந்துச் சாந்தை அப்பி, அதன்மேல் வெறும் போத்தல் ஒன்றை அழுத்தி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இழுத்துச் செல்வார்கள். கூராக இருந்த மூலை மறைந்து, அவ்விடத்தில் ஓர் அழகிய குழிவளைவு தோன்றும். ஏன் என்று வினவினால், "மூலையில் ஊத்தை தங்காது, வெடிப்பும் விழாது" என்று விடை வரும். அவ்வளவுதான் விளக்கம். பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைப்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லி முடித்துவிடுகிறது.

இதே வேலையை இன்று கணினித் திரையிலும் செய்கிறார்கள். கணினிவழி வடிவமைப்பு என்று வழங்கும் துறையிலே, படகு, விமானம், காற்றாலை அலகு, தேநீர்க் கோப்பை ஆகிய எப்பொருளும் முதலில் பரப்புகளாகவே வரையப்படுகின்றன. இரண்டு பரப்புகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு கூர்விளிம்பு எழும். அவ்விளிம்பை நீக்கி, இரு பரப்புகளையும் தொட்டுச் செல்லும் ஒரு வளைந்த பரப்பை இடையிலே வைப்பதற்கு 'ஃபில்லட்' என்று பெயர். விளிம்பைச் சுட்டிக்காட்டி, ஆரம் இவ்வளவு என்று எண் ஒன்றைக் கொடுத்தால் எஞ்சியதைக் கணினி செய்யும். சில வேளைகளில் செய்ய மறுக்கும். அந்த மறுப்பைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேயர்களே, மன்னார்க் கரைக்கும் இந்தக் கணினி வேலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, வங்காலை, சிலாவத்துறை ஆகிய எந்தக் கரையில் நின்று பார்த்தாலும், மணலிலே ஏற்றி வைத்திருக்கும் படகுகளிற் பெரும்பாலானவை இன்று கண்ணாடியிழைப் படகுகளே. 18 அடி முதல் 23 அடிவரை நீளமுள்ள இவற்றின் பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்னர் இக்கரைகளில் நின்றவை மரவள்ளங்கள். மரத்தைச் செதுக்கி, பலகையை வளைத்து, வள்ளத்தைக் கட்டியவர் ஓடாவியார். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டின் உதவியோடு யாழ்ப்பாணப் பகுதியில் தொடங்கிய சீநோர் போன்ற முயற்சிகள் வடபகுதியிலே கண்ணாடியிழைப் படகுக் கட்டுமானத்தைப் பழக்கப்படுத்தின. அதன்பின் வந்த போரும் இடப்பெயர்வும் பல தொழில்களைச் சிதறடித்தன. மர வேலை மெல்ல மெல்ல அருகியது.

மரவள்ளத்துக்குக் கூர்மூலை பெரும் பகையன்று. மரம் தன் நாரோட்டத்தைத் தானே கொண்டு பிறக்கிறது. கண்ணாடியிழைப் படகுக்கோ கூர்மூலை உட்பகை. இதை அறியாது அச்சு செய்தால், படகு கரையிலே பளபளவென்று நிற்கும். சோளகக் காற்றிலே தெற்குக் கடலில் எழும் குறுகிய அலைகளில் சில பருவங்கள் அடிபட்ட பின்னர், மூலையோரங்களில் மயிரிழைபோல் வெடிப்பு ஓடும். கரையிலிருந்து பல கடல்மைல் தொலைவில், ஒரே இயந்திரத்தை நம்பி வலை இழுக்கும் இரண்டு மூன்று பேருக்கு அந்த மயிரிழை சிறிய செய்தியாகாது.

கூர்மூலையில் வெடிப்பு விழுவது ஏன்? ஓர் உலோகத் தகட்டையோ பலகையையோ இரு புறமும் இழுத்தால், அந்த இழுவிசை தகடு முழுவதும் ஓடுகிறது. வழியில் ஒரு துளையோ வெட்டோ குறுக்கிட்டால், ஆற்றுநீர் பாறையைச் சுற்றி நெருங்கி ஓடுவதுபோல், விசை அதன் ஓரத்தில் நெருங்கிச் செல்கிறது. 1913ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்ள்ஸ் இங்லிஸ் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். வட்டமான துளையின் ஓரத்திலே தகைவு மூன்று மடங்காகிறது. அதே துளை நீள்வட்டமாகி, இழுக்கும் திசைக்குக் குறுக்காகக் கிடந்து, அதன் நீளம் அகலத்தின் பத்து மடங்காக இருந்தால், கூரிய முனையிலே தகைவு இருபத்தொரு மடங்கு! முனை கூராகக் கூர்மையாகத் தகைவுக்கு எல்லையே இல்லை. தகட்டில் ஓடும் வெடிப்பை நிறுத்துவதற்கு அதன் நுனியிலே ஒரு வட்டத் துளை இடுகிறார்களே, பட்டறைக்காரர்கள், அந்தக் கைம்மருந்தின் காரணமும் இதுதான். வெடிப்பின் நுனியில் இருந்த கூர்மை வட்டத் துளையிலே அழிந்துபோகிறது.

இந்தக் கணக்கை உலகம் ஏட்டில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் 2,710 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்கள் விரைந்து கட்டப்பட்டன. தகடுகள் ஆணியடித்துப் பிணைக்கப்படாமல் ஒட்டிணைக்கப்பட்டன. குளிர்ந்த கடலிலே அவற்றுட் பல வெடித்தன. சில இரண்டாகவே பிளந்தன. வெடிப்புகள் பெரும்பாலும் தொடங்கிய இடங்களுள் ஒன்று, தளத்திலே சரக்கு இறக்கும் வாயிலின் சதுர மூலை. எஃகின் தன்மையும் ஒட்டிணைப்பின் குறைகளும் சேர்ந்தே இந்த விபத்துகளை உண்டாக்கின என்பது உண்மை. ஆயினும், அந்த மூலைகளை வளைத்துத் தகட்டுத் துண்டுகளால் பலப்படுத்தியதும் விபத்துகள் பெரிதும் குறைந்தன.

பின்னர் 'கொமெற்' விமானம். உலகின் முதலாவது ஜெற் பயணிகள் விமானமாகிய அது 1952ஆம் ஆண்டில் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரி 10ஆம் நாள் எல்பாத் தீவருகே ஒன்று வீழ்ந்து 35 பேர் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் நாள் நேப்பிள்ஸ் அருகே மற்றொன்று வீழ்ந்து 21 பேர் மாண்டனர். ஃபார்ன்பரோவில் இருந்த ஆய்வாளர்கள் ஒரு முழு விமானத்தைப் பெருந்தொட்டியிலே நீருள் அமிழ்த்தி, அதன் உட்புறத்தில் நீரழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் ஆயிரக்கணக்கான பறப்புகளின் களைப்பை அதற்கு ஊட்டினார்கள். விமானத்தின் தோல் சாளர மூலையோரத்திலே கிழிந்தது. எல்பாவில் மீட்ட சிதைவுகளும் கூரையில் இருந்த ஒரு வானொலிச் சாளரத்தின் மூலையைச் சுட்டின. கொமெற்றின் சாளரங்கள் சதுரமானவை என்று பலரும் சொல்வது முழு உண்மையன்று. மூலைகள் வளைந்தே இருந்தன. அந்த வளைவுதான் போதவில்லை. மூலையருகே இட்ட ஆணித்துளைகளும் தீமைக்குத் துணைபோயின. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மூலையை வளைத்தோமா என்பதன்று. எவ்வளவு வளைத்தோம், எவ்வாறு வளைத்தோம் என்பதே.

இனிப் படகுக்கு வருவோம். கண்ணாடியிழைப் படகு, செதுக்கிச் செய்யும் பொருளன்று, வார்த்தெடுக்கும் பொருள். முதலில் மரத்தினாலோ வேறு பொருளினாலோ படகின் மாதிரியுரு ஒன்று செய்யப்படும். அதன்மேல் அச்சு எடுக்கப்படும். அச்சின் உட்புறத்தைப் பளபளப்பாக்கி, மெழுகு பூசி, 'ஜெல்கோட்' எனப்படும் நிறப்பூச்சை முதலில் தடவுவார்கள். அது இறுகத் தொடங்கியதும், கண்ணாடி இழைப்பாயை விரித்து, ரெசின் என்னும் பிசினை ஊற்றி, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார்கள். இவ்வாறு பாய்மேற் பாயாக இட்டு, இறுகிய பின்னர் படகைத் தூக்கி எடுப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படகின் வெளிப்புறத்தில் புடைத்து நிற்கும் விளிம்பு, அச்சின் உள்ளே குழிந்த பள்ளமாகும். பள்ளம் கூராக இருந்தால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. முதலாவது, ஜெல்கோட் அப்பள்ளத்தில் ஓடித் தேங்கும். ஜெல்கோட்டுக்கு உள்ளே இழை இல்லை. தடித்துப்போன ஜெல்கோட் கண்ணாடிபோல் நொறுங்கும். இரண்டாவது, இழைப்பாய் விறைப்பானது. வளைய மறுத்துப் பள்ளத்தின் குறுக்கே பாலம்போல் நின்றுவிடும். பாலத்தின் அடியில் காற்று அடைபட்டுக் கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பளபளப்பான விளிம்பு ஒன்றுதான் தெரியும். படகு முதன்முறை மணலிலே உரசும்போது, அல்லது இறங்குதுறையிலே மோதும்போது, அந்த வெற்றுத் தோல் உடைந்து, அதன் வழியே கடல்நீர் இழைகளுக்குள் ஊறத் தொடங்கும். இத்தகைய மூலைகளுக்குக் குறைந்தது 6 மில்லிமீற்றர் ஆரமாவது வேண்டும் என்பது தொழிலாளரிடையே வழங்கும் ஒரு பொதுக்கணக்கு. கூடுதலாக இருந்தால் இன்னும் நன்று. படகின் உட்புறத்திலே குறுக்குத் தாங்கிகள் உடலோடு சேரும் மூலைகளுக்கும் இதே விதி. அங்கே முதலில் பசைமாவை அப்பி, உருண்டை முனையுள்ள தடியால் இழுத்து வளைவாக்கிய பிறகே இழைப்பாயை ஒட்டுவார்கள். மேசனாரின் போத்தல் வேலைதான் அது, வேறன்று.

இதையெல்லாம் ஓடாவியாரின் கை அறிந்திருந்தது. அவர் ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வளைத்துப் பலகைமேல் ஆணிகளின் இடையே பிடித்து, அது இயல்பாக எடுக்கும் வளைவையே படகின் வளைவாகக் கொண்டார். மேலைநாட்டுக் கப்பற் கூடங்களிலும் அதே முறைதான். அங்கே சட்டத்தைப் பிடித்துக்கொள்ள ஈயக் கட்டிகளை வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு 'ஸ்ப்லைன்' என்று பெயர். 1946இல் ஷோன்பர்க் என்னும் கணித அறிஞர் ஒருவகைக் கணித வளைகோட்டுக்கு அதே பெயரை இட்டார். 1959ஆம் ஆண்டளவில் பிரான்சிலே சித்ரோவன் கார்த் தொழிற்சாலையில் பணிபுரிந்த தெ காஸ்தல்ஜோவும், 1960களில் ரெனோ தொழிற்சாலையில் பணிபுரிந்த பெஸியேயும், காரின் உடல்வளைவைச் சில புள்ளிகளைக் கொண்டே எழுதிவிடும் முறைகளைத் தனித்தனியே கண்டனர். சித்ரோவன் அதை இரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் பெஸியே வெளியிட்டார். ஆகவே வளைகோடு பெஸியேயின் பெயரைப் பெற்றது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்று முழுவதும் சொல்லிவிட முடியாது, இருவரும் உழைத்தவர்களே. இன்று எந்த வடிவமைப்பு மென்பொருளைத் திறந்தாலும், அதன் உள்ளே ஓடுவது அந்த மரச்சட்டத்தின் கணித வழித்தோன்றல்தான்.

இனிக் கணினி மறுக்கும் இடங்களைக் காண்போம். தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகள் மிகவும் தடுமாறுவது இங்கேதான். விளிம்பைத் தெரிவு செய்து, ஆரத்தைக் கொடுத்து, பொத்தானை அழுத்துகிறார்கள். 'முடியவில்லை' என்று திரை சொல்கிறது. ஏன் முடியவில்லை என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பிள்ளை எண்ணைச் சிறிது குறைக்கிறது, மீண்டும் அழுத்துகிறது. இறுதியில் ஏதோ ஓர் எண் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அந்த எண் படகுக்குப் பொருந்துமா என்பதை எவரும் கேட்பதில்லை. கணினி ஏற்றுக்கொண்டதே போதும் என்று விட்டுவிடுவது கல்வியாகாது.

கணினி உள்ளே செய்யும் வேலையை ஒரு பந்தாக எண்ணிப் பார்த்தால் மறுப்பின் காரணம் புலப்படும். இரண்டு பரப்புகள் கூடும் மூலையிலே ஒரு பந்தை வைத்து, இரண்டையும் ஒருங்கே தொட்டபடி உருட்டிச் செல்வதாகக் கொள்ளுங்கள். பந்தின் மையம் ஒரு பாதையை வரைகிறது. பந்து தொட்டுச் சென்ற இரண்டு தடங்களுக்கும் இடையே உள்ள பந்தின் தோல்தான் புதிய வளைவுப் பரப்பு. போத்தலுக்குப் பதில் பந்து, அவ்வளவே.

அப்படியானால், பந்து எங்கெல்லாம் உருள மாட்டாது? முதலாவது, பரப்பு தானே குழிந்திருந்து, அக்குழிவின் ஆரம் பந்தின் ஆரத்தினும் சிறிதாக இருக்குமிடத்தில் பந்து உள்ளே புகாது. ஒடுங்கிய வாய்க்காலுக்குள் பெரிய போத்தல் புகாததைப்போல. படகின் அணியத்திலே பக்கங்கள் நெருங்கி உள்வளையும் இடத்தில் இது அடிக்கடி நேரும். இரண்டாவது, பரப்பு போதிய அகலம் இல்லாதிருந்தால், பந்து அதன் ஓரத்தைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 10 மில்லிமீற்றர் ஆரமுள்ள வளைவு, செங்கோண மூலையிலே ஒவ்வொரு பக்கத்திலும் 10 மில்லிமீற்றர் இடத்தைக் கேட்கும். மூலை 60 பாகைக்குக் குறுகினால் ஏறத்தாழ 17 மில்லிமீற்றரைக் கேட்கும். மூலை 150 பாகையாக விரிந்தால் 3 மில்லிமீற்றரும் வேண்டாம். ஒரே விளிம்பு ஒரு கோடியிலே கூராகவும் மறு கோடியிலே விரிந்தும் இருந்தால், வளைவின் அகலமும் அதற்கேற்ப மாறிக்கொண்டே செல்லும்.

இதிலிருந்தே மூன்றாவது இடர் பிறக்கிறது. படகின் அடிப்பகுதியும் பக்கமும் கூடும் மடிப்பு, பின்புறத்தில் தெளிவாக இருக்கும். அணியத்தை நோக்கிச் செல்லச் செல்ல மெல்ல மங்கி, ஒரு கட்டத்தில் இரண்டு பரப்புகளும் ஒன்றாகவே ஆகிவிடும். அவ்விடத்தில் மூலையே இல்லை. பந்து எதைத் தொட்டு உருளும்? வளைவுப் பரப்பு ஊசிநுனிபோல் ஒடுங்கிக் கணினியின் கணக்கைக் குழப்புகிறது. நல்ல வடிவமைப்பாளர் அங்கே பொத்தானை நம்புவதில்லை. மடிப்பு மங்கத் தொடங்கும் முன்னரே வளைவை நிறுத்தி, அங்கிருந்து தம் கையாலேயே ஒரு பரப்பைக் கட்டி, சுற்றியுள்ளவற்றோடு இழைத்துவிடுகிறார். ஆரத்தை ஒரே எண்ணாக வைக்காமல், வழிநெடுகக் கூட்டியும் குறைத்தும் செல்வதும் உண்டு.

மூன்று விளிம்புகள் ஒரே புள்ளியில் கூடும் இடமே யாவற்றினும் கடினமானது. ஏரா, பின்பலகை, அடிப்பலகை சேரும் மூலையைப்போல. மூன்றுக்கும் ஒரே ஆரமென்றால் பந்தின் ஒரு துண்டே அம்மூலையை நிரப்பிவிடும். ஆரங்கள் வேறுபட்டால் கணினி திணறும். பெரிய ஆரத்தை முதலில் இட்டு, சிறியதைப் பின்னர் இடுவது இதனால் எழுந்த வழக்கம். பெரிய பந்து உருண்ட பாதையின்மேல் சிறிய பந்து எளிதாக உருளும், மாறிச் செய்தால் சிறியது செய்த வேலையைப் பெரியது விழுங்கிவிடும். இன்னும் ஒன்று: வேறு வேறாக வரைந்த பரப்புகள் கண்ணுக்கு ஒட்டியிருப்பதாகத் தோன்றினாலும், இடையே மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு இடைவெளி இருந்தால்கூட, கணினிக்கு அவை ஒட்டாத பரப்புகளே. முதலில் தைக்க வேண்டும். தையல் சரியில்லாத சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்தால் எவ்வாறு நிற்கும்?

சரி, வளைவு விழுந்துவிட்டது. போதுமா? படகுக்குப் பெரும்பாலும் போதும். காருக்கும் விமானத்துக்கும் போதாது. மன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தை நினைவிற் கொண்டால் இதனை விளக்கலாம். 1914இல் தலைமன்னார்த் துறைவரை திறக்கப்பட்ட அந்தப் பாதையிலே, போரினால் 1990இல் நின்றுபோன போக்குவரத்து 2015 மார்ச் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. எந்தப் புகையிரதப் பாதையிலும், நேர்ப்பாதையின் முடிவில் வட்டவளைவைத் திடீரென்று வைப்பதில்லை. வைத்தால், வண்டி அவ்விடத்தை அடையும்போது பயணிகள் ஒரு பக்கம் தள்ளப்படுவார்கள். நேருக்கும் வட்டத்துக்கும் இடையே, வளைமை சிறிது சிறிதாகக் கூடிச்செல்லும் ஒரு மாறுவளைவைச் சேர்ப்பார்கள். பந்து உருட்டிய வளைவோ அப்படிப்பட்டதன்று. தட்டையான பரப்பிலிருந்து அது திடீரென்று வட்டமாகிறது. கை தடவினால் தெரியாது, ஒளி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வடிவமைப்பாளர்கள் திரையிலே கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பரப்பின்மேல் பிரதிபலிக்கச் செய்து பார்க்கிறார்கள். கோடுகள் விளிம்பில் முறிந்தால் பரப்புகள் தொட்டிருக்கின்றன, ஆனால் இழையவில்லை. கோடுகள் மெல்ல வளைந்து ஓடினால் வளைமையும் இழைந்திருக்கிறது. புதிய காரின் பக்கத்திலே தெருவிளக்குகளின் நிழல் வழுக்கி ஓடும் அழகுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

வட்டம்தான் மூலைக்கு மிகச் சிறந்த வளைவா என்னும் கேள்விக்கு, பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தின் அடியில் நின்று விடை தேடலாம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்று மரபாகச் சொல்லப்படும் அம்மரத்தின் அடிச்சுற்றளவு 19.5 மீற்றர். மரம் நிலத்தைத் தொடும் இடத்தையோ, பெருங்கிளை அடிமரத்திலிருந்து பிரியும் இடத்தையோ பார்த்தால், அங்கே கூர்மூலையைக் காண முடியாது. வட்டத்தின் கால்பங்கையும் காண முடியாது. வளைவு மேலே நீண்டு மெலிந்தும் கீழே விரைந்து திரும்பியும் செல்லும். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரிலே ஆராய்ச்சி செய்த கிளாவுஸ் மத்தெக் என்னும் அறிஞர் மரங்களின் இத்தகைய வளைவுகளைப் பல்லாண்டு காலம் அளந்தார். மரம், தகைவு மிகும் இடத்திலே கூடுதலாக வளர்ந்து, தகைவை எங்கும் ஒரேயளவாக்கிக்கொள்கிறது என்பது அவருடைய கருத்து. அதனைக் கணினிக் கணக்காக்கி, இயந்திர உறுப்புகளின் மூலைகளை மரம்போல 'வளரச்' செய்து காட்டினார். பின்னர் கணினியே இல்லாதவர்களுக்காக ஒரு சுருக்கு வழியையும் கூறினார். மூலையிலே 45 பாகையில் ஒரு முக்கோணத்தை வரைக. அதன் சாய்பக்கத்தின் நடுவிலிருந்து அதிற் பாதிக் கோணமுள்ள அடுத்த முக்கோணத்தை வரைக. மீண்டும் பாதியாக்கி இன்னொன்றை வரைக. பிறகு எஞ்சிய முறிவுகளை மென்மையாக்குக. அளவுகோலும் பென்சிலும் போதும். இடம் நெருக்கடியான மூலைகளில் இந்த வளைவு கால்வட்டத்தைக் காட்டிலும் தகைவை நன்றாகக் குறைக்கிறது. பெருக்கமரத்தடியிலே விளையாடும் பிள்ளைகளுக்கு இதை மரத்தைக் காட்டியே கற்பிக்கலாம்; வேறு துணைக்கருவி வேண்டுவதில்லை.

தீவின் தென்கரையிலே நிற்கும் காற்றாலைகளைக் காணாத மன்னார் மக்கள் இன்று இல்லை. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணையிலே, டென்மார்க்கு நாட்டு வெஸ்டாஸ் நிறுவனத்தின் 30 காற்றாலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட் ஆற்றல் கொண்டது. மேலும் மேலும் காற்றாலைகளை நிறுவுவதைப் பற்றி, வெள்ளநீர் வடிவதையும் வலசை வரும் பறவைகளையும் எண்ணி மக்கள் கவலையும் எதிர்ப்பும் தெரிவித்துள்ளனர். அது தனியே பேச வேண்டிய பெரும்பொருள். இங்கே அலகின் வடிவத்தை மட்டும் நோக்குவோம். அடிப்பகுதியில் அலகு உருளை. வட்டமான பற்றுவாயிலே பூட்டப்பட வேண்டுமாதலால் வட்டமாகவே இருந்தாக வேண்டும். சிறிது தூரம் சென்றதும் அது மீனின் உடல்போல் தட்டையாகிறது. வட்டத்திலிருந்து மீனுக்கு மாறும் அந்த இடைப்பரப்பிலே ஒரு முறிவு இருந்தாலும், சுழற்சிதோறும் வளைந்து நிமிரும் அலகு அங்கேதான் களைப்படையும். அலகின் முன்விளிம்பு உருண்டது. காற்றைப் பிளந்து வழிவிடுவது. பின்விளிம்போ கத்திபோல் மெல்லியது. இருபுறமும் ஓடிவந்த காற்று அங்கே பிரிந்து செல்ல வேண்டும். அதையும் உருட்டிவிட்டால் காற்று எங்கே பிரிவதென்று அறியாது சுழித்து, இழுப்பைக் கூட்டி, இரைச்சலையும் எழுப்பும்.

ஆகவே எல்லாக் கூர்மையும் குற்றமன்று. பறங்கியர் 1560இல் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மன்னார்க் கோட்டை, மூலைக்கொன்றாக நான்கு கொத்தளங்களைக் கொண்டது. பீரங்கி வந்த பிறகு ஐரோப்பியர் கொத்தளங்களைக் கூராக நீட்டியது அழகுக்காக அன்று. வட்டக் கோபுரத்தின் முன்னே காவலர் சுட முடியாத ஒரு நிழலிடம் எஞ்சும். கூர்முனை அதை எஞ்சவிடாது.

படகிலும் அப்படி ஓர் இடம் உண்டு. பின்பலகையும் அடிப்பலகையும் கூடும் கீழ்விளிம்பு அது. இயந்திரத்தின் வேகத்திலே படகு நீர்மேல் எழுந்து ஓடும்போது, அடியில் ஓடிவரும் நீர் அந்த விளிம்பிலே அறுத்தாற்போல் பிரிந்து பின்தங்க வேண்டும். அழகு கருதி அதைப் பெரிதாக உருட்டினால், நீர் வளைவைத் தழுவி மேலேறிப் பின்பலகையைப் பற்றிக்கொள்ளும். படகின் பின்புறம் தாழும், அணியம் தூக்கும், ஓட்டுபவர் இயந்திரத்தை இன்னும் முடுக்குவார். மண்ணெண்ணெயின் விலை தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். கணினியிலே எல்லா விளிம்புகளையும் ஒரே தெரிவில் வளைத்துக் கூட்டி, ஒரே எண்ணை இட்டு முடித்துவிடும் வசதி இருப்பதனால், இந்தத் தவறு மிக எளிதாக நேர்ந்துவிடுகிறது. கருத்துள்ள வடிவமைப்பாளர் அந்த ஒரு விளிம்பை முதலிலேயே தெரிவிலிருந்து நீக்கிவைக்கிறார். அச்சு செய்யும்போது இழைப்பாய் அமரும் அளவுக்கு மட்டும் அதைத் தொட்டு, வெளிப்புறத்தில் சிறு பட்டை ஒன்றால் கூர்மையை மீட்டுக்கொடுத்துவிட்டு, பிறகுதான் ஏனைய மூலைகளுக்குப் போகிறார்.